கழித்தல் குறியை அவசரமாகப் போடாதீர்கள்

மாணவர்களே, நீங்கள் எழுதிய நிரலில் வெளிப்பக்கம் வர வேண்டிய கோடு உட்பக்கம் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் செய்வது எனக்குத் தெரியும். எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறியைப் போட்டுப் பார்ப்பீர்கள். கோடு வெளியே வந்துவிட்டால் "சரியாகிவிட்டது" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கிறதா என்றால், இல்லை. எங்கள் பள்ளிக் கணினிக் கழக மாணவர்கள் இப்படி ஒரு சிக்கலில் மாட்டியபோது, "மைனஸ் போட்டுப் பாருங்கள்" என்று ஆலோசனை சொன்னதே நான்தான்.

என்ன சிக்கல் என்று சொல்வதற்கு முன், பள்ளித் திடலுக்கு ஒரு நடை போய் வருவோம். 400 மீட்டர் ஓட்டத்தில் வெளித்தடத்தில் நிற்பவர் உள்தடத்தில் நிற்பவரைவிட முன்னால் நிற்பார். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வெளித்தடம் நீளமானது. எவ்வளவு நீளம் என்று எப்போதாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

முறையான ஓடுபாதையில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். வளைவின் உள் ஆரம் 36.50 மீட்டர். முதல் தடத்தின் தூரத்தை உள் விளிம்பிலிருந்து 30 செண்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள், அதாவது 36.80 மீட்டர் ஆரத்தில். இரண்டு நேர்ப்பகுதிகளையும் இரண்டு அரைவட்டங்களையும் கூட்டினால் சரியாக 400 வரும். இரண்டாம் தடத்தின் அளவுக்கோடு அதிலிருந்து 1.12 மீட்டர் வெளியே இருக்கிறது. 2 × பை × 1.12 என்று பெருக்கினால் 7.04 மீட்டர். அதுதான் இரண்டாம் தடத்து ஓட்டக்காரர் முன்னால் நிற்க வேண்டிய தூரம்.

இந்தக் கணக்கில் ஒரு விந்தை இருக்கிறது. 7.04 என்ற விடையில் நேர்ப்பகுதியின் நீளமும் இல்லை, வளைவின் ஆரமும் இல்லை. எவ்வளவு தூரம் வெளியே நகர்ந்தோம் என்பது மட்டுமே இருக்கிறது. பள்ளம் இல்லாத எந்த மூடிய வடிவத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வடிவமாகட்டும், மூலைகள் உள்ள சதுரமாகட்டும். அதன் எல்லையிலிருந்து ஒரே தூரத்தில் வெளியே ஒரு கோடு வரைந்தால், புதிய சுற்றளவு பழையதைவிட 2 × பை × தூரம் அளவுக்குக் கூடும். மூலைகளை மட்டும் வட்டவில்லாக வளைத்து வரைய வேண்டும்.

எல்லையிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் செல்லும் இப்படிப்பட்ட கோட்டைத்தான் ஆஃப்செட் கோடு என்கிறோம். தடங்கள் எல்லாம் ஆஃப்செட் கோடுகள்தாம். முப்பரிமாண அச்சுப்பொறி, லேசர் வெட்டுப்பொறி, தையல் வடிவமைப்பு, வரைபடத்தில் ஆற்றுக்கு இருபுறமும் விட வேண்டிய ஒதுக்கு நிலம் என்று இந்தக் கோடு வராத துறை குறைவு.

எங்கள் கழகத்துக்கு இது வந்தது பட்டாம்பூச்சி வழியாக. தீபாவளி விற்பனைக்குப் பிஸ்கட் வெட்டும் அச்சு ஒன்றைத் தாங்களே வடிவமைத்து அச்சிடப் போவதாகப் படிவம் நான்கு மாணவர்கள் சிலர் சொன்னார்கள். சிறகின் எல்லைக்கோட்டைப் புள்ளிகளாகக் குறித்தார்கள். அச்சின் சுவருக்கு 1.2 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும். ஆகவே எல்லைக்கோட்டிலிருந்து 1.2 மில்லிமீட்டர் வெளியே இன்னொரு கோடு. பைத்தானில் அவர்களே நிரல் எழுதினார்கள். இடது சிறகு அழகாக வந்தது. வலது சிறகைத் தனியாக வரைவானேன் என்று இடது சிறகையே கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டார்கள். அதே நிரல், அதே 1.2. ஆனால் வலது சிறகின் சுவர் உள்ளே போய்விட்டது. அச்சிட்டுப் பார்த்தால் ஒரு சிறகு பெரியது, ஒரு சிறகு சிறியது. பட்டாம்பூச்சி நொண்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் நான் அந்த ஆலோசனையைச் சொன்னேன். வலது சிறகுக்கு மட்டும் மைனஸ் 1.2 என்று போட்டார்கள். சரியாக வந்தது. எல்லாரும் கைதட்டினோம்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி சிறகை இன்னும் அழகாக வேறு ஒரு மென்பொருளில் வரைந்து கொண்டுவந்தாள். இப்போது இடது சிறகின் சுவர் உள்ளே போயிற்று, வலது சிறகின் சுவரும் உள்ளே போயிற்று. "டீச்சர், நேற்று வரை சரியாத்தானே இருந்துச்சு!" என்றாள். நேற்றும் சரியாக இல்லை. சரியாக இருப்பதுபோல் தெரிந்தது.

காரணத்தை மறுபடியும் திடலில் தேடலாம். ஓட்டப்பந்தயத்தில் எல்லாரும் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுகிறார்கள். ஆகவே திடலின் நடுப்பகுதி எப்போதும் அவர்களின் இடது கைப்பக்கம் இருக்கும். வெளிப்பக்கம் வலது கைப்பக்கம். இப்போது ஒருவர் எதிர்த்திசையில் ஓடினால்? வலது கைப்பக்கம் திடலின் நடுப்பகுதி வந்துவிடும். மாணவர்கள் எழுதிய நிரல் ஒவ்வொரு புள்ளியாக நடந்து போய், ஒவ்வொரு அடியிலும் வலது கைப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் தள்ளிப் புள்ளி வைத்தது. அந்த நிரலுக்கு உள்ளே, வெளியே என்ற சொற்களே தெரியாது. இடம், வலம் மட்டுமே தெரியும். கண்ணாடி பிம்பம் எடுக்கும்போது இடஞ்சுழி வலஞ்சுழியாக மாறிவிடுகிறது. மாணவி புதிதாக வரைந்தபோது வலஞ்சுழியாகத் தொடங்கியிருந்தாள். அதனால் அவளுடைய இடது சிறகில் வலது கைப்பக்கம் உட்பக்கமாகிவிட்டது. வலது சிறகு இப்போது நியாயமாக இடஞ்சுழிதான். ஆனால் அதற்கு மட்டும் நாங்கள் ஒட்டிவைத்த மைனஸ் அதையும் உள்ளே தள்ளியது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி உங்கள் கூடுதல் கணிதப் பாடத்திலேயே இருக்கிறது. முனைகளின் அச்சுத்தூரங்களை வரிசையாக எழுதி, குறுக்குக் குறுக்காகப் பெருக்கிக் கழித்து, பாதியாக்கிப் பல்கோணத்தின் பரப்பளவைக் காண்பீர்கள் அல்லவா? (0, 0), (10, 0), (10, 10), (0, 10) என்ற சதுரத்துக்கு 100 வரும். அதே புள்ளிகளைத் தலைகீழ் வரிசையில் எழுதினால் மைனஸ் 100 வரும். பரப்பளவு எதிர்மறையாக இருக்காது என்று சொல்லி, இருபுறமும் நெட்டுக்கோடு போட்டு அந்தக் கழித்தல் குறியைத் தூக்கி எறியச் சொல்லித் தருகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தக் குறி குப்பை இல்லை. "இந்தப் புள்ளிகள் வலஞ்சுழியாகச் செல்கின்றன" என்ற செய்தியை அது நமக்குச் சொல்கிறது. நாம்தான் கேட்காமல் வாயைப் பொத்திவிடுகிறோம். ஆசிரியர்களாகிய நாங்கள் அந்த ஒரு நிமிட விளக்கத்தைச் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியில் மாணவர்கள் செய்த திருத்தம் நாலே வரி. கோடு போடுவதற்கு முன் குறியோடு பரப்பளவைக் கணக்கிடு, எதிர்மறையாக இருந்தால் புள்ளிகளின் வரிசையைத் திருப்பு, பிறகு 1.2. இதற்குப் பிறகு யார், எங்கிருந்து, எந்தப் பக்கமாக வரைந்து கொண்டுவந்தாலும் சுவர் வெளியேதான் போயிற்று.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அடுத்து வந்த சிக்கலில்தான் உண்மையான பாடம் இருந்தது, ஏனென்றால் அங்கே கணினி சொன்னது சரி, நாங்கள் சொன்னது தவறு.

பட்டாம்பூச்சியின் மேல் அழகுக்காக உட்பக்கம் 3 மில்லிமீட்டர் தள்ளி ஒரு கோடு வேண்டும் என்றார்கள். தாங்கள் எழுதிய நிரலைச் சற்றே மாற்றி, இந்த முறை இடது கைப்பக்கம் தள்ளினார்கள். கோடு வந்தது. ஆனால் சிறகின் கூர்மையான வளைவுகளில் மீன்வால்போல் சின்னச் சின்ன முடிச்சுகள். இது ஏன் என்று பார்க்க, ஒரு எளிய வட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆரம் 3. உட்பக்கம் 5 தள்ளிக் கோடு போடச் சொல்கிறோம். மனிதனைக் கேட்டால் "அவ்வளவு தூரம் உள்ளே போக இடமில்லை" என்பான். சூத்திரத்தைக் கேட்டால் 3 − 5 = −2 என்று சொல்லி, மைனஸ் 2 ஆரத்தில் வட்டம் வரைந்துவிடும். திரையில் அது 2 ஆரமுள்ள நல்ல வட்டமாகவே தெரியும்! ஆவி வட்டம் என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்தோம். சிறகின் வளைவிலும் இதே கதைதான். வளைவின் ஆரம் தள்ளும் தூரத்தைவிடக் குறைந்த இடங்களில் எல்லாம் கோடு மறுபக்கம் புரண்டு முடிச்சுப் போடும்.

ஆவியைப் பிடிப்பது எளிது. ஆஃப்செட் என்றால் என்ன என்று முதலில் சொன்னோம்? எல்லையிலிருந்து ஒரே தூரம். ஆகவே வந்த கோட்டில் ஏதாவது ஒரு புள்ளியைத் தொட்டு, அதற்கு மிக அருகிலுள்ள எல்லை எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். ஆவி வட்டத்தின் எந்தப் புள்ளியும் எல்லையிலிருந்து 1 தூரத்தில்தான் இருக்கிறது, 5 இல்லை. அகப்பட்டது. முடிச்சுகளில் உள்ள புள்ளிகளும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். அவற்றை வெட்டி எறியலாம்.

ஒவ்வொரு புள்ளியையும் இப்படிச் சோதித்து வெட்டி ஒட்டுவது பெரிய வேலை. அதற்கென்றே ஆயத்தமாக எழுதப்பட்ட நிரல் தொகுப்புகள் இருக்கின்றன, லைப்ரரி என்பார்கள். பைத்தானில் ஷேப்லி என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. மாணவர்கள் அதற்கு மாறினார்கள். அதில் ஒரு பல்கோணத்தைச் சுருக்க மைனஸ் 3 என்று கொடுத்தால் போதும். இங்கே மைனஸ் முறையான மைனஸ்: உள்ளே என்று பொருள். பல்கோணமாகக் கொடுத்தால் இடஞ்சுழி வலஞ்சுழிக் கவலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

முடிச்சுகள் மறைந்தன. ஆனால் அழகுக்கோடு ஒரு சிறகில் மட்டுமே வந்தது. மறுசிறகு மொட்டை.

"டீச்சர், இந்த லைப்ரரி சரியில்லை." இதுதான் அன்றைய தீர்ப்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த முறை மைனஸ் போடச் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. "வந்த விடையைத் திரையில் அப்படியே வரையுங்கள்" என்றேன். வரைந்தார்கள். விடையில் ஒரு வடிவம் இல்லை. இரண்டு தனித்தனி வடிவங்கள் இருந்தன. பட்டாம்பூச்சியின் இடுப்பு 5 மில்லிமீட்டர் அகலம். இரண்டு பக்கமிருந்தும் 3 மில்லிமீட்டர் உள்ளே வந்தால் 6 ஆகிவிடுகிறது. இடுப்பு இருந்த இடத்தில் ஒன்றுமே மிஞ்சாது. எல்லையிலிருந்து 3 மில்லிமீட்டருக்குக் குறையாத இடம் எது என்று கேட்டோம். இடது சிறகில் ஒரு தீவு, வலது சிறகில் ஒரு தீவு என்று கணினி சரியாகச் சொன்னது. எங்கள் நிரல்தான் ஒரே ஒரு வடிவம் வரும் என்று எதிர்பார்த்து, முதல் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கீழே போட்டுவிட்டது.

இதை மாணவர்கள் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிஸ்கட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இதே கணக்கை ஒரு காட்டுக்குப் போடுங்கள். காட்டின் ஓரங்களில் வெயிலும் காற்றும் மனித நடமாட்டமும் அதிகம். ஆழ்காட்டை நம்பி வாழும் உயிரினங்களுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அறிய, ஆய்வாளர்கள் வரைபடத்தில் காட்டின் எல்லையை இப்படித்தான் உட்பக்கம் தள்ளிப் பார்க்கிறார்கள். நடுவில் ஒடுங்கிய காடு இரண்டு தீவாகப் பிரிந்துவிட்டது என்றால் அதுதான் அந்த ஆய்வின் முக்கியமான செய்தி. ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்ட நிரல், பாதிக் காட்டைக் கணக்கிலிருந்து அழித்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் நாம் அதிர்ஷ்டசாலிகள். சத்தம் போடாமல் வரும் தவறான விடைதான் ஆபத்து.

வேறு சில தொல்லைகளும் வந்தன. அவற்றை நான் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூடிய வடிவத்தில் கடைசிப் புள்ளியாக முதல் புள்ளியையே மறுபடியும் எழுதுவது வழக்கம். சொந்தமாக எழுதிய நிரலில் அது இரண்டு முறை எழுதப்பட்டுவிட்டால், நீளம் 0 உள்ள ஒரு பக்கம் உண்டாகி, சுழியால் வகுக்க முயன்று நிரல் நின்றுவிடும். இன்னொன்று கூர்மையான முனை. மூலையை வளைக்காமல் கூராகவே நீட்டினால், முனை எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? தள்ளும் தூரத்தைப் பாதிக் கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். செங்கோணத்தில் 1.41 மடங்கு, பரவாயில்லை. பட்டாம்பூச்சியின் மீசை நுனியில் கோணம் 10 பாகை. 11 மடங்குக்கு மேல். 1.2 மில்லிமீட்டர் சுவர் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் ஈட்டியாக நீண்டது. இந்தத் தொகுப்புகளில் அதற்கு ஒரு வரம்பு வைக்கலாம், அல்லது வளைவான மூலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். ஒரு நிரல் சரியா தவறா என்று பார்க்க, விடை முன்பே தெரிந்த ஒரு கேள்வியை முதலில் அதனிடம் கேளுங்கள். பட்டாம்பூச்சியை அதன் தலையில் தூக்கிப் போடாதீர்கள். 10 அலகு சதுரம், வெளியே 1. விடையைத் தாளிலேயே கண்டுபிடிக்கலாம். சதுரம் 100. நான்கு பக்கமும் நான்கு பட்டைகள், 40. நான்கு மூலையிலும் கால் வட்டங்கள், சேர்த்தால் ஒரு முழு வட்டம், 3.1416. மொத்தம் 143.1416. யாக்கோப் ஸ்டைனர் என்ற சுவிட்சர்லாந்துக் கணித மேதை 19ஆம் நூற்றாண்டில் இதைப் பள்ளமில்லாத எல்லா வடிவங்களுக்கும் பொதுவான சூத்திரமாக்கினார்: பழைய பரப்பளவு, கூட்டல் சுற்றளவு பெருக்கல் தூரம், கூட்டல் பை பெருக்கல் தூரத்தின் வர்க்கம்.

எங்கள் மாணவர்கள் ஷேப்லியிடம் இதைக் கேட்டபோது 143.1365 என்று வந்தது. 0.005 குறைவு. அந்தச் சின்ன வித்தியாசத்தை "கணினிதானே, கொஞ்சம் முன்பின் இருக்கும்" என்று விட்டுவிட ஒருவன் தயாராக இருந்தான். இன்னொருத்தி விடவில்லை. தேடிப் பார்த்ததில், வளைவை அந்தத் தொகுப்பு உண்மையான வட்டவில்லாக வரைவதில்லை, கால் வட்டத்துக்கு 16 சிறு நேர்க்கோடுகளாக வரைகிறது என்று தெரிந்தது. முழு வட்டம் என்று நாம் நினைப்பது 64 பக்கப் பல்கோணம். அதன் பரப்பளவு 3.1365. கணக்கு நூலிழை பிசகாமல் பொருந்தியது. அந்த மாணவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! பட்டாம்பூச்சி சரியாக அச்சாகி வந்தபோதுகூட அவள் அவ்வளவு மகிழவில்லை.

"இதெல்லாம் எதற்கு, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிரலை எழுதித் தந்துவிடுமே" என்று நீங்கள் கேட்கலாம். தரும். நல்ல நிரலாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் வலது சிறகு கண்ணாடி பிம்பம் என்பதும், உங்கள் இடுப்பு 5 மில்லிமீட்டர் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். வந்த விடையைச் சோதிக்கும் கேள்வி உங்களிடம் இல்லையென்றால், யார் எழுதித் தந்தாலும் நீங்கள் அதை நம்பியாக வேண்டும், வேறு வழியில்லை. இன்னொரு செய்தி: அந்தப் பட்டாம்பூச்சியை அச்சிட்ட பொறிக்கு உள்ளேயும் இதே ஆஃப்செட் வேலைதான் நடக்கிறது. குரா போன்ற மென்பொருள் ஒவ்வோர் அடுக்கிலும் சுவர்க்கோட்டை, இழையின் அகலத்தில் பாதி அளவு உள்ளே தள்ளித்தான் முனையை நகர்த்துகிறது. அந்த மென்பொருளில் கிளிப்பர் என்ற தொகுப்பும் பயன்படுகிறது. அங்கே புள்ளிகளைப் பதின்ம எண்களாக வைப்பதில்லை, மைக்ரான் கணக்கில் முழு எண்களாகவே வைக்கிறார்கள். ஏன்? பைத்தானில் 0.1 + 0.2 என்று தட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். இரண்டு கோடுகள் சந்திக்கின்றனவா இல்லையா என்று முடிவு செய்யும் இடத்தில் அந்தக் கடைசி 4 பெரிய கலகம் செய்துவிடும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. திட்டப்பணிகளுக்கு மதிப்பெண் போடும்போது நான் இத்தனை நாளும் முடிந்த பொருளைத்தான் பார்த்தேன். பளபளப்பான பட்டாம்பூச்சிக்கு ஒரு மதிப்பெண், நொண்டிப் பட்டாம்பூச்சிக்கு ஒரு மதிப்பெண். அப்படிப் பார்க்கும்வரை, மைனஸ் போட்டுச் சமாளித்தவனும் காரணத்தைத் தேடியவளும் என் கண்ணுக்கு ஒன்றுதான். பிழைக் குறிப்பு என்று அறிக்கையில் ஒரு பக்கம் கேட்க ஆரம்பித்திருக்கிறேன்: என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது, எதைச் சந்தேகித்தோம், எந்தச் சோதனை அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. முதலில் முணுமுணுத்தார்கள். சிலர் பிழையே வரவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களின் நிரலைத்தான் நான் முதலில் திறந்து பார்க்கிறேன்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கணினி தேவையில்லை, தாளும் காம்பஸும் போதும். 20 அலகு பக்கமுள்ள சதுரத்தை வரையுங்கள். 5 அலகு உள்ளே தள்ளி ஒரு கோடு போடுங்கள். இப்போது அந்தச் சின்ன சதுரத்திலிருந்து 5 அலகு வெளியே தள்ளி, மூலைகளை வட்டவில்லாக வளைத்து இன்னொரு கோடு போடுங்கள். 5 உள்ளே, 5 வெளியே. பழைய இடத்துக்கே வந்துவிட்டோமா? முதல் சதுரத்தின் பரப்பளவு 400. கடைசியில் வந்த வடிவத்தின் பரப்பளவு 378.54. அந்த 21.46 சதுர அலகுகள் எங்கே போயின என்று கண்டுபிடியுங்கள்.